அழிப்பதற்கு முன் ஒரு நகல்

ஸ்மார்ட் விளக்குக் கருவியில் கம்பெனி எழுதி அனுப்பிய நிரலை மாற்றப் பத்து நிமிடம் போதும். அதைத் திரும்ப வைப்பது எப்படி, யார் கையில் இருக்கிறது அந்த வழி?

"லைட்டெல்லாம் முன்ன மாதிரி என் போன்லயே எரியணும் சார். அதை மட்டும் சரி பண்ணிக் கொடுத்துட்டுப் போயிடுங்க."

மடிப்பாக்கத்து வாடகை வீட்டைக் காலி செய்யப் பத்து நாள் இருக்கும்போது ஹவுஸ் ஓனர் போனில் சொன்னது இது. நியாயமான பேச்சு. ஸ்விட்ச் போர்டுக்குள் அவர் வைத்திருந்த விளக்குக் கருவிகளில் கை வைக்கட்டுமா என்று மூன்று வருடத்துக்கு முன்பு கேட்டபோதும் இதையேதான் சொன்னார்: "பண்ணிக்கோங்க, போகும்போது முன்ன மாதிரி ஆக்கிடுங்க." அன்றைக்குத் தலையாட்டிவிட்டேன். 'முன்ன மாதிரி' என்ற இரண்டு சொல்லுக்குள் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்பது இந்தப் பத்து நாளில்தான் தெரிந்தது.

கை வைத்ததற்குக் காரணம் அம்மா. அவருக்கு முழங்கால் வலி. நடையின் அந்தக் கோடியில்தான் ஸ்விட்ச். இரவில் எழுந்தால், படுத்தபடியே போனைத் தொட்டு நடை விளக்கைப் போட்டுக்கொண்டு அப்புறம் காலைக் கீழே வைக்கப் பழகியிருந்தார். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி தெருவில் கேபிள் அறுந்து நெட் போய்விட்டது. கரண்ட் இருந்தது. ரவுட்டர் மினுக்கிக்கொண்டிருந்தது. போன் கையில் இருந்தது. விளக்கு மட்டும் வரவில்லை. கட்டிலுக்கும் அந்த விளக்குக்கும் பதினைந்து அடிதான் தூரம். ஆனால் அம்மா விரலால் தொட்ட கட்டளை எங்கோ வெளிநாட்டில் இருக்கும் சர்வருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்துதான் அந்தப் பதினைந்து அடியைக் கடக்க வேண்டும் என்று கம்பெனியின் நிரல் விதித்திருந்தது. சுவரைப் பிடித்தபடி இருட்டில் நடந்து போயிருக்கிறார். விழவில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரமே அந்த நிரலை எடுத்துவிட்டு, வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளும் வேறொரு நிரலை மூன்று கருவிகளிலும் ஏற்றினேன்.

இதைத் 'ஃப்ளாஷ் பண்ணுவது' என்பார்கள். கருவிக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கும் நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். கம்பெனியிலிருந்து வரும்போதே இருப்பது 'ஸ்டாக் ஃபர்ம்வேர்'. அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். திரும்ப வைப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. தேவையோ எல்லோருக்கும் ஒருநாள் வருகிறது. வாடகை வீட்டைக் காலி செய்கிறோம். கருவியை இன்னொருவருக்கு விற்கிறோம். வாரன்டிக்கு அனுப்ப வேண்டியிருக்கிறது. வீட்டில் இதைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை வெளியூர் வேலைக்குப் போய்விடுகிறான், மிச்சம் இருப்பவர்களுக்குக் கம்பெனியின் ஆப் போதும். அந்த நாளில் வழி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பெட்டிக்குள் இருப்பது

ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னால் செருகப்படும் இந்தத் தீப்பெட்டி அளவுப் பெட்டியைத் திறந்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது. 230 வோல்ட்டைச் சில வோல்ட்டாக இறக்கும் பவர் சப்ளை, 'டக்' என்ற சத்தத்தோடு விளக்கை இணைத்தும் துண்டித்தும் விடும் ரிலே, அந்த ரிலேவுக்கு உத்தரவு கொடுக்கும் வைஃபை சிப். என் வீட்டில் இருந்த மூன்றிலும் அந்தச் சிப் ஈஎஸ்பி8266.

இந்தத் துறையின் சரித்திரத்தையே இந்த ஒரு சிப்பை வைத்துச் சொல்லிவிடலாம். சிங்கப்பூர்க்காரரான டியோ சுவீ ஆன் 2008ல் ஷாங்காயில் தொடங்கிய எஸ்ப்ரெசிஃப் கம்பெனியின் தயாரிப்பு இது. 2014ல் சந்தைக்கு வந்தது. வைஃபையும் ஒரு சின்னக் கம்ப்யூட்டரும் ஒன்றாக, அதுவரை யாரும் நினைத்துப் பார்க்காத மலிவு விலையில். ஷென்செனின் ஐடெட் கம்பெனி இதைக் கொண்டு சோனாஃப் ஸ்விட்ச்சுகளைச் செய்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த தியோ அரெண்ட்ஸ், அந்த ஸ்விட்ச்சுகள் கம்பெனியின் சர்வரைக் கேட்காமல் வீட்டுக்குள்ளேயே இயங்கும்படி ஒரு நிரல் எழுதி இலவசமாகக் கொடுத்தார். அதுதான் டாஸ்மோட்டா. ஓட்டோ வின்டர் தொடங்கிய ஈஎஸ்பிஹோம், வண்ண விளக்குச் சரங்களுக்கென்றே வந்த டபிள்யூஎல்இடி என்று அந்தக் குடும்பம் பெருகியது. கம்பெனிகள் விற்றது பெட்டியை. பெட்டிக்குள் என்ன ஓட வேண்டும் என்பதை உலகெங்கும் தனி மனிதர்கள் எழுதிக்கொண்டார்கள். இந்த மனிதர்களிடம் எனக்கு உள்ள மரியாதை பெரியது. அம்மாவின் நடை விளக்கு மூன்று வருடம் நெட் இல்லாமலும் எரிந்தது அவர்களால்தான்.

ஆனால் புதியது ஏற வேண்டுமென்றால் பழையது அழிய வேண்டும். இந்தக் கருவிகளில் நிரலை வைத்துக்கொள்ளும் ஃப்ளாஷ் நினைவகம் பெரும்பாலும் ஒரே ஒரு மெகாபைட். இன்றைக்குப் போனில் எடுக்கும் ஒரு புகைப்படம்கூட இதற்குள் கொள்ளாது. இரண்டு குடித்தனத்துக்கு அங்கே இடம் கிடையாது.

வயர் வழி

இனிச் சொல்லப்போவதில் உயிர் சம்பந்தப்பட்டது ஒன்று இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுவரில் மின் இணைப்போடு இருக்கும் கருவியில் லேப்டாப் வயரை ஒருபோதும் மாட்டக் கூடாது. செல்போன் சார்ஜருக்குள் மெயின் கரண்டையும் நாம் தொடும் பக்கத்தையும் பிரித்து வைக்கும் தடுப்பு இருக்கும். இந்தக் குட்டிப் பெட்டிகள் பலவற்றில் அது கிடையாது. கிரவுண்ட் என்று குறித்திருக்கும் முனையே நேராக 230 வோல்ட்டோடு தொடர்பில் இருக்கலாம். அதை யுஎஸ்பி வழியாக லேப்டாப்போடு இணைத்தால், லேப்டாப்பைத் தொட்டுக்கொண்டிருப்பவரும் அந்த மின்பாதையில் சேர்ந்துவிடுவார். மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்து, எலக்ட்ரீஷியனைக் கொண்டு கருவியைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்த பிறகுதான் வேலை. எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் கருவிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தொங்கிய வயர் முனைகளுக்கு இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுத்தான் கிளம்பினார். அந்த டேப்பையும் விட்டுவிடாதீர்கள்.

மேசையில் வேண்டியது, யுஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் சின்ன அட்டை. அண்ணாசாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் போய் 'யுஎஸ்பி டூ டிடிஎல்' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று மாற்றிக்கொள்ளும் ஜம்பர் இருக்கும். 3.3ல் வைக்க வேண்டும். இந்தச் சிப் 5 வோல்ட் தாங்காது. மாட்ட வேண்டிய வயர் நான்கு: 3.3 வோல்ட், கிரவுண்ட், அனுப்புவது, வாங்குவது. கடைசி இரண்டும் குறுக்காகப் போகும். அங்கே பேசுகிற வாய்க்கு இங்கே கேட்கிற காதைத்தான் மாட்ட வேண்டும்.

இப்படி மாட்டிக் கரண்ட் கொடுத்தால் சிப் வழக்கம்போல் தன் நிரலை ஓட்ட ஆரம்பித்துவிடும். 'இப்போது ஓடாதே, என் பேச்சைக் கேள்' என்று சொல்ல ஒரு வழி இருக்கிறது. சிப்பின் கால்களில் ஜிபிஐஓ ஜீரோ என்று ஒன்று. கரண்ட் வரும் கணத்தில் அது கிரவுண்டோடு சேர்ந்திருந்தால், சிப் தன் ஃப்ளாஷைப் பார்க்கப் போகாமல், தொழிற்சாலையில் சிலிக்கானிலேயே பதித்துவிட்ட சின்னத் தொடக்க நிரலோடு நின்று காத்திருக்கும். பல கருவிகளில், கருவியை வைஃபையோடும் ஆப்போடும் சேர்க்க, அதாவது பேரிங் செய்ய, நாம் அழுத்தும் பட்டனே அந்தக் காலோடுதான் இணைந்திருக்கும். பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வயரைச் செருகினால் போதும். இந்தத் தொடக்க நிரலை யாராலும் அழிக்க முடியாது. அதனால்தான் ஈஎஸ்பி8266 கருவியை நிரலால் முற்றாகக் கொல்வது அனேகமாக நடக்காத காரியம். 'பிரிக் ஆயிடுச்சு, செங்கல்லாயிடுச்சு' என்று கவலைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த வாசல் இருப்பதை அறியாதவர்கள்.

இந்த நிலையில் நின்றதும், புதிய நிரலை ஏற்றும் முன், செய்ய வேண்டியது ஒன்று. ஃப்ளாஷில் இருப்பதை முழுக்கப் படித்து நகலாக எடுத்து வைப்பது. ஈஎஸ்பிடூல் என்ற இலவசக் கருவி இதைச் செய்கிறது. ஒரு மெகாபைட் என்றால் 10,48,576 பைட். நொடிக்கு 1,15,200 பிட் என்ற வழக்கமான வேகத்தில் ஒன்றரை நிமிடம். இந்த ஒன்றரை நிமிடத்தைத்தான் முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். புதிய நிரல் ஓடுவதைப் பார்க்கும் ஆவல் அப்படி.

நகல் எடுத்தால் மட்டும் போதாது, எடுத்தது நகல்தானா என்று பார்க்க வேண்டும். ஹால் கருவியை முதல் தடவை படித்தபோது வந்த கோப்பும், இரண்டாம் தடவை வந்த கோப்பும் ஒன்றாக இல்லை. அளவு சரியாக இருந்தது, உள்ளடக்கம் வேறு. வயர் ஒன்று ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. ஈயம் வைத்துப் பற்றவைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். அடுத்தடுத்த இரண்டு நகலின் எம்டி5 எண்ணும், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணும், ஒத்துப்போனபோதுதான் நிம்மதி. இன்னொரு அடையாளமும் உண்டு. ஈஎஸ்பி8266 நிரல் கோப்பின் முதல் பைட்டின் மதிப்பு 233 ஆக இருக்க வேண்டும். கோப்பு முழுக்க 255 என்றே நிரம்பியிருந்தால் கையில் இருப்பது வெறும் வெள்ளைத் தாள்.

இல்லாத ரவுட்டரைத் தேடிய விளக்கு

ஹாலுக்கும் பால்கனிக்கும் நகல் இருந்தது. மூன்று வருடமாகப் பழைய ஹார்ட் டிஸ்கில் தூங்கிய கோப்புகள். மறுபடியும் அதே மேசை, அதே நான்கு வயர், அதே பட்டன். டாஸ்மோட்டாவை முழுவதுமாக அழித்துவிட்டு, பழைய நகலைப் பூஜ்யத்திலிருந்து கடைசி பைட் வரை அப்படியே எழுதினேன். 'முழுவதுமாக அழித்துவிட்டு' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். புது நிரலின் அமைப்புகள் மூலையில் மிச்சம் இருந்தால் பழையது குழம்பும். அதேபோல் நகலும் முழு ஃப்ளாஷின் நகலாகவே இருக்க வேண்டும். கடைசிச் சில கிலோபைட்டில் ரேடியோவுக்கான அமைப்புகள் இருக்கின்றன. நிரலை மட்டும் எழுதிவிட்டு அவற்றை விட்டுவிட்டால் கருவி ஓடும், வைஃபை நோஞ்சானாக இருக்கும்.

வயரைக் கழற்றிவிட்டுக் கரண்ட் கொடுத்தேன். ரிலே 'டக்' என்றது. பச்சை விளக்கு மினுக்கத் தொடங்கியது, மினுக்கிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. நாங்கள் எங்கள் ரவுட்டரோடு இணைத்திருந்தது நடைக் கருவியை மட்டும்தான்; நகல் எடுத்த நாளில் இந்தக் கருவிக்குத் தெரிந்த வீடு ஓனர் குடியிருந்த வீடு. அவருடைய ரவுட்டரின் பெயரும் பாஸ்வேர்டும் நகலோடு சேர்ந்து திரும்பி வந்திருக்கின்றன. அந்த ரவுட்டரை அவர் என்றைக்கோ எடுத்துக்கொண்டு போய்விட்டார். இல்லாத ரவுட்டரைத் தேடித் தேடி மினுக்கிக்கொண்டிருந்தது அது. பட்டனை நீளமாக அழுத்திப் பழைய நினைவை அழித்ததும், புதிதாக வாங்கியதைப் போலப் பேரிங்குக்கு வந்து நின்றது.

கொஞ்சம் நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் இதில் எச்சரிக்கை ஒன்றும் இருக்கிறது. நகலுக்குள் வைஃபை பாஸ்வேர்டு இருக்கிறது, பல கருவிகளில் யாரும் படிக்கும்படி வெறும் எழுத்தாகவே. 2019 ஜனவரியில் லிமிட்டட் ரிசல்ட்ஸ் என்ற புனைபெயரில் எழுதும் பாதுகாப்பு ஆய்வாளர், லைஃப்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட் பல்பை அறுத்துத் திறந்து, அதன் ஃப்ளாஷிலிருந்து வீட்டு வைஃபை பாஸ்வேர்டை அப்படியே எடுத்துக் காட்டினார். குப்பையில் போட்ட பல்பு வீட்டுச் சாவியைச் சொல்லிவிடுகிறது. ஆகவே நகலைக் கண்ட இடத்தில் பகிரக் கூடாது. பழைய கருவியை விற்குமுன் நினைவை அழிக்காமல் கொடுக்கவும் கூடாது.

மூன்றாவது கருவி

நடைக்கான கருவிக்கு நகல் இல்லை.

அம்மாவின் விளக்கு அதுதான். அவசரம். இரண்டு கருவிகளைத் திறந்து வயர் மாட்டி முடித்த களைப்பில், மூன்றாவதைத் திறக்காமலே வைஃபை வழியாக ஏற்றிவிட்டேன். அந்த மாடலில் அதற்கு வழி இருந்தது. கழற்ற வேண்டாம், பற்றவைக்க வேண்டாம். ஆனால் அந்தச் சுலபமான வழியில் நகல் எடுக்கும் படி இல்லை. பழையது இருந்த இடத்தில் புதியது உட்கார்ந்தது, பழையது போயே போய்விட்டது.

கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். அந்த மாடலின் ஸ்டாக் ஃபர்ம்வேர் கோப்பைக் கொடுங்கள், காசு கேட்டாலும் கொடுக்கிறேன் என்று. கோப்பு வெளியே தருவதில்லை, புதுக் கருவி வாங்கிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. சிப் நன்றாக இருக்கிறது, ரிலே நன்றாக இருக்கிறது, பவர் சப்ளை நன்றாக இருக்கிறது. குறைவது ஒரு மெகாபைட் மட்டும்.

அப்போது தோன்றியது, ஹாலின் நகலை இதில் எழுதினால் என்ன? ஒரே மாடல், ஒரே சிப், ஒரே நாளில் வாங்கியது. எழுதினேன். ஓடியது. பேரிங்கும் ஆனது. ஆப்பைத் திறந்தால் இரண்டு கருவிக்குப் பதில் ஒன்றுதான் தெரிந்தது. ஹால் பட்டனைத் தொட்டால் ஒருமுறை ஹால் எரிந்தது, ஒருமுறை நடை எரிந்தது. கடைசியாக எது சர்வரோடு இணைந்ததோ அது மற்றதை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

காரணம் பிறகு விளங்கியது. இந்த வகைக் கருவிகளைத் தொழிற்சாலையில் செய்யும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி அடையாள எண்ணையும் ஒரு ரகசியச் சாவியையும் ஃப்ளாஷில் எழுதிவிடுகிறார்கள். அந்த இரண்டும் பொருந்தினால்தான் கம்பெனியின் சர்வர் கருவியை உள்ளே விடும். நிரல் எல்லாக் கருவிக்கும் பொது. அடையாளமோ ஒவ்வொன்றுக்கும் வேறு. இரண்டும் ஒரே ஒரு மெகாபைட்டுக்குள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ஆகவே என் நடைக் கருவியின் அசல் நகல் இந்த உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது, அந்தக் கருவிக்குள். அதை நான்தான் அழித்தேன். இன்னொருவரிடமிருந்து வாங்கும் கோப்பு அவருடைய அடையாள அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடப்பதைப் போல. நமக்கும் உதவாது, அவருக்கும் ஆபத்து.

நடைக்குப் புதுக் கருவி வாங்கிப் போட்டேன்.

திரும்பும் வழியை வைத்தவர்கள், மறித்தவர்கள்

இது இயற்கையின் விதி அல்ல. ரவுட்டர் உலகத்தைப் பாருங்கள். லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரிலிருந்து கிளைத்த ஓபன்டபிள்யூஆர்டி இருபது வருடத்துக்கும் மேலாக ரவுட்டர்களின் ஸ்டாக் ஃபர்ம்வேரை மாற்றி வருகிறது. திரும்ப வேண்டுமானால், பல ரவுட்டர் கம்பெனிகள் அசல் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி தங்கள் தளத்திலேயே வைத்திருக்கின்றன. அந்த ஒரே கோப்பு எல்லாருக்கும் பொருந்துகிறது. எப்படி? ரேடியோ அளவீடு, ரவுட்டரின் அடையாள எண்ணான மேக் முகவரி போன்ற தனி விவரங்கள் ஃப்ளாஷில் தனி அறையில் இருக்கும். நிரலை எத்தனை முறை மாற்றினாலும் அந்த அறைக் கதவை யாரும் தொடுவதில்லை. விளக்குக் கருவியிலும் இதைச் செய்யலாம். அடையாளத்தைத் தனி அறையில் வை, நிரலைப் பொதுவில் கொடு. வடிவமைக்கும்போது ஒருநாள் யோசித்தால் போதும். செய்யாமல் விடுவது கஷ்டத்தால் என்று நான் நம்பவில்லை. வாங்கியவர் திரும்பி வருவார் என்ற எண்ணமே அங்கே யாருக்கும் இல்லை.

விளக்குக் கருவி செய்கிறவர்களிலும் ஒரே மாதிரி இல்லை. பல்கேரியாவிலிருந்து வரும் ஷெல்லியின் முதல் தலைமுறைக் கருவிகளில் டாஸ்மோட்டாவுக்குப் போனவர்கள் வயர் இல்லாமலே பழையதற்குத் திரும்ப ஆர்வலர்கள் வழி செய்து வைத்திருக்கிறார்கள். ஆனாலும் அங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஷெல்லி டிம்மரில் இரண்டு மூளை. வைஃபையைப் பார்த்துக்கொள்வது ஈஎஸ்பி8266. மின் அலையை நொடிக்கு நூறு தடவை சரியான இடத்தில் வெட்டி வெளிச்சத்தைக் குறைப்பது எஸ்டிஎம்32 என்ற இன்னொரு சிப். மாற்று நிரல் ஏற்றுகிறவர்கள் இந்த இரண்டாவதிலும் வேறு நிரலை எழுதுகிறார்கள். திரும்பும்போது இரண்டும் திரும்பியாக வேண்டும். ஒன்று மட்டும் திரும்பினால் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது, விளக்கு படபடக்கும் அல்லது எரியாது.

டூயா என்ற கம்பெனியின் நிரலில் ஓடும் கருவிகளின் கதை நேர் எதிர். 2018 டிசம்பரில் லைப்சிக் நகரில் நடந்த 35சி3 ஹேக்கர் மாநாட்டில், விடிரஸ்ட் நிறுவனத்தின் மைக்கேல் ஸ்டைகர்வால்ட், டூயாவின் நிரல் கொண்ட பல்புகளை வைஃபை வழியாகவே கைப்பற்றி மாற்ற முடியும் என்று மேடையில் காட்டினார். அதிலிருந்து பிறந்த டூயா கன்வர்ட் என்ற கருவியில் எனக்குப் பிடித்த விஷயம், அது எதையும் அழிக்கும் முன் கருவியின் அசல் நிரலை இழுத்து நகலாகச் சேமித்துவிடும். செய்தவர்கள் திரும்பி வருகிறவர்களைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். பிறகு கம்பெனி அந்த ஓட்டையை அடைத்தது. கருவிகள் பெக்கன், ரியல்டெக் சிப்புகளுக்கு மாறின. இன்று புதிய ஈஎஸ்பி32 வகைச் சிப்புகளில் ஒருமுறை எரித்தால் மாற்றவே முடியாத ஈஃபியூஸ் இருக்கிறது. கம்பெனி விரும்பினால் ஃப்ளாஷைப் பூட்டி, நகல் எடுக்கும் வாசலையே நிரந்தரமாக மூடிவிடலாம். திருடனை நிறுத்த அந்தப் பூட்டு தேவைதான். வாங்கியவரும் வெளியே நிற்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

'முன்ன மாதிரி' என்றால் எந்த முன்னே என்பதும் கம்பெனி கையில்தான். 2015 டிசம்பரில், ஸ்மார்ட் பல்புகளை வீட்டு நெட்டோடு இணைக்கும் பிலிப்ஸ் ஹியூ பிரிட்ஜுக்கு வந்த ஓர் அப்டேட், அங்கீகரிக்காத பிற கம்பெனி பல்புகளைப் புதிதாகச் சேர்க்க விடாமல் தடுத்தது. முந்தைய நாள் வரை சேர்க்க முடிந்தவை. கோபம் கிளம்பியதும் சில நாளில் கம்பெனியே அந்தத் தடையை நீக்கியது, அது பாராட்ட வேண்டியது. ஆனால் அந்தச் சில நாளில், 'எனக்கு முந்தின பதிப்பே போதும்' என்று சொல்ல வாங்கியவரிடம் ஒரு பட்டன்கூட இல்லை.

இதைவிடக் கசப்பானது இன்ஸ்டியான் கதை. கலிபோர்னியாவைச் சேர்ந்த இந்தக் கம்பெனி 2005 முதல் வீட்டு விளக்கு ஸ்விட்ச்சுகளும் டிம்மர்களும் விற்றது. 2022 ஏப்ரலில் ஒருநாள், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அதன் சர்வர்கள் நின்றன. ஆப் இயங்கவில்லை, தானாக எரிய வேண்டிய விளக்குகள் எரியவில்லை. என்ன ஆயிற்று என்று தெரியாமல் பலர், கருவிகளையெல்லாம் இணைக்கும் ஹப்பை ஃபேக்டரி ரீசெட் செய்யக் கை வைத்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள், 'தொடாதீர்கள்' என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ரீசெட் செய்த ஹப் புதிதாகத் தொடங்கக் கம்பெனி சர்வரைத் தேடும், சர்வர் இல்லை. பழைய நிலைக்குக் கொண்டுபோக வைத்த பட்டனே கருவியைக் கொல்லும் பட்டனாகிவிட்டது. அந்த ஜூன் மாதம், அதைப் பயன்படுத்தி வந்தவர்களில் ஒரு குழுவினரே பணம் போட்டுக் கம்பெனியை வாங்கி சர்வர்களை மறுபடி ஓட வைத்தார்கள். தங்கள் வீட்டு விளக்கை எரிய வைக்க ஒரு கம்பெனியையே விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. 2016 மே மாதம் சேவை நிறுத்தப்பட்ட ரிவால்வ் என்ற ஹப்பை வைத்திருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. சுமார் 300 டாலர் கொடுத்து வாங்கியது, அன்றோடு சரி.

சட்டம் என்ன சொல்கிறது

நகல் எடுப்பது திருட்டா என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. நம் நாட்டின் 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு, எவையெல்லாம் உரிமை மீறல் ஆகாது என்று வரிசையாகச் சொல்கிறது. கம்ப்யூட்டர் நிரலை முறையாகத் தன்வசம் வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ அழிந்தாலோ கெட்டாலோ பாதுகாப்பாக இருக்க, எதற்காக அது தரப்பட்டதோ அதற்கே பயன்படுத்துவதற்காக, நகல் எடுத்து வைக்கலாம் என்பதும் அதில் இருக்கிறது. என் வாசிப்பில், நம் வீட்டு விளக்கின் நிரலை, அதே விளக்கில் திரும்ப வைக்க எடுத்து வைக்கும் நகல் இந்த வரிக்குள் அச்சாகப் பொருந்துகிறது. அதை ஊருக்கெல்லாம் விநியோகிப்பது பொருந்தாது.

ஆனால் நகல் எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கும், கம்பெனி கொடுத்தாக வேண்டும் என்பதற்கும் நடுவே பெரிய இடைவெளி. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த டிசம்பரில் அதற்கான இணையதளமும் வந்தது. விவசாயக் கருவிகள், செல்போன் வகையறா, வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நான்கு துறைகள். உதிரி பாகம், சர்வீஸ் சென்டர், கையேடு என்றே பேச்சு ஓடுகிறது. நிரலும் ஓர் உதிரி பாகம்தான் என்பதை அங்கே யாராவது உரக்கச் சொல்ல வேண்டும். திருகாணி தொலைந்தால் கடையில் கிடைக்கிறது. இந்த ஒரு மெகாபைட் தொலைந்தால் கருவி முழுவதும் குப்பை. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, பொதுவாக ஐந்து வருடமாவது பாதுகாப்பு அப்டேட் தர வேண்டிய கடமை கம்பெனிகளுக்கு வரும். அசல் நிரலை வாங்கியவர் கையில் கொடுக்கும் கடமையை அதோடு சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் தீர்மானமான எண்ணம். பெட்டியோடு வாரன்டி அட்டை தருகிறார்கள், அதோடு இதுவும் வரட்டும்.

அதுவரை, கருவியைத் திறக்கும் யாராக இருந்தாலும் முதல் ஒன்றரை நிமிடத்தை நகலுக்குக் கொடுங்கள். வைஃபை வழியாக ஏற்றும் வசதி எவ்வளவு ஆசை காட்டினாலும், நகலுக்கு வழி இல்லையென்றால் திறந்தே செய்யுங்கள். கோப்பின் பெயரில் எந்த அறை, என்ன தேதி, எந்த மாடல் என்று எழுதி வையுங்கள். 'பேக்கப் 1', 'பேக்கப் 2' என்று பெயர் வைத்துவிட்டு, எது ஹால் எது பால்கனி என்று தெரியாமல் நான் ஒரு மதியம் முழுக்கத் திண்டாடினேன்.

சாவி கொடுக்கப் போன அன்று ஓனர் தன் போனோடு வந்திருந்தார். ஹால் எரிந்தது, பால்கனி எரிந்தது, நடையும் எரிந்தது. நடைக் கருவி புதிது என்பதையும் ஏன் என்பதையும் சொன்னேன். "அது எரிஞ்சா சரி சார்," என்றார். பிறகு ஒரு பென் டிரைவை அவரிடம் கொடுத்தேன். மூன்று நகல், கோப்புக்கு அறையின் பெயர். புதுக் கருவியைச் சுவரில் மாட்டும் முன்பே திறந்து எடுத்துவிட்டேன்.

"இது எதுக்கு சார்?"

"உங்க லைட்டோட உயிர் இதுல இருக்கு. அடுத்து வர்றவங்க ஏதாவது மாத்தினாலும், இது இருந்தா திரும்ப வெச்சுக்கலாம். உங்க வைஃபை பாஸ்வேர்டு உள்ளே இருக்கும், யார்கிட்டயும் கொடுத்துடாதீங்க."

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஈபி கார்டும் சொத்து வரி ரசீதும் வைத்திருந்த பிளாஸ்டிக் கவரைப் பையிலிருந்து எடுத்து, அதற்குள் போட்டு, ரப்பர் பேண்டைச் சுற்றினார்.